ஞாயிறு, நாலரை முதல் ஆறு வரை

மூன்று நிமிடத்தில் கோட்டை விட்டேன். கார் கடைக்காரன் பூபதி ஆர்.சி. புத்தகத்துக்காக மேசை இழுப்பறையோடு மல்லுக்கட்டாமல் இருந்திருந்தால், நடுவில் போனை எடுத்து எவரிடமோ மஞ்சள் விலை பேசாமல் இருந்திருந்தால், நாலு இருபத்தைந்துக்கே அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு இந்நேரம் பஸ் ஏறியிருப்பேன். பணத்தை எடுக்கச் சட்டைப் பையில் கையை விட்டேன், கண் தானாகச் சுவருக்குப் போனது, டயர் கம்பெனிக்காரன் கொடுத்த கடிகாரம் நாலு முப்பத்துமூன்று காட்டியது, கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் ஆறு மணி வரைக்கும். "ஆறுக்கு மேல குடுத்தர்றனுங்களே," என்றேன். பூபதி சிரித்தான். "அதுக்கென்னங்ணா, நம்மகிட்ட வர்றவங்க பாதிப் பேரு அப்படித்தான். நீங்க பாக்கறீங்களா, வீட்டுல பாக்கறாங்களா?" "வீட்டுலதானுங்க," என்றேன், யோசிக்கவே இல்லை. இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் பெண்டாட்டிமேல் பழியைப் போட்டுவிட்டால் ஆம்பிளைக்கு வேலை சுலபம். கலாமணி நல்ல நேரம் கெட்ட நேரம் பார்த்து வருஷக்கணக்காகிறது. பூபதிக்கு அது தெரியவேண்டிய அவசியமில்லை. அவன் கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஒண்ணே ஒண்ணுங்ணா. பவானியில இருந்து ஒரு பார்ட்டி அஞ்சு மணிக்கு வர்றேன்னிருக்காங்க, இதே வண்டியப் பாக்கறதுக்கு. அட்வான்ஸ் வாங்காம நான் அவங்களுக்கு இல்லைன்னு சொல்ல முடியாதுங். அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது." வருத்தப்பட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வந்து காருக்குள் உட்கார்ந்துகொண்டேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் பவானிக்காரர்கள் கொஞ்சம் தயங்குவார்கள் என்று ஒரு அற்பக் கணக்கு. ரயிலில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற புத்தி எனக்கு எப்போதும் உண்டு. ஈரோட்டில் பழைய கார் விற்கிற கடைக்குக் கன்சல்டிங் என்று பெயர், யார் வைத்தார்களோ, டாக்டர் வீட்டுக்குப் போவது போல இருக்கிறது. மூன்று மாதமாக ஞாயிறு தவறாமல் ஒவ்வொரு கன்சல்டிங்காக ஏறி இறங்கியாயிற்று. இது பன்னிரண்டாவது வண்டி. பதினொன்றைத் தள்ளிவிட்டேன். பெட்ஷீட் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் செக்கிங்கில் இருப்பவனுக்குத் தள்ளுவதற்குச் சொல்லியா தரவேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் துணியை விரித்து, எங்கே இழை விட்டிருக்கிறது, எங்கே சாயம் திட்டாக இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கண் அப்படியே பழகிவிட்டது. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தல் துணியில் ஓட்டை தேடுவேன். சிவப்பு வண்டியில் கதவு மட்டும் வேறு சிவப்பு. இன்னொன்றில் சீட் புதுசு, அடியில் இருக்கிற கம்பி துருப்பிடித்துக் கிடந்தது, மழைத்தண்ணீரில் நின்ற வண்டி என்றான் மெக்கானிக் பாபுஜான். இன்னொன்று கிலோமீட்டர் முப்பதாயிரம்தான் காட்டியது, கிளட்ச் மிதியில் ரப்பர் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. முப்பதாயிரத்தில் ரப்பர் தேயுமா, யாருக்குக் காது குத்துகிறார்கள். "நீங்க கார் பாக்கப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றாள் கலாமணி. பெண் பார்த்தபோது நான் ஒன்றும் பார்க்கவில்லை, காபி சூடாக இருந்தது, சரி என்றுவிட்டேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

பாபுஜான் என் ஸ்கூட்டரைப் பத்து வருஷமாகப் பார்ப்பவன். மூன்று மணிக்கு வந்தவன் ஒரு மணி நேரம் இந்த வண்டிக்குள் தலையை விட்டபடி இருந்தான். ஆயில் மூடியைத் திறந்து விரலால் வழித்துப் பார்த்தான், புகைக்குழாயில் உள்ளங்கையை வைத்தான், ஸ்டெப்னி டயரைத் தூக்கி அடியில் டார்ச் அடித்தான், பெருந்துறை ரோட்டில் ஓட்டிப்போய் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திரும்பி வந்து, "பிரிக்காத எஞ்சினுங்ணா. டயரு ரெண்டு மாத்தோணும், பேட்டரி இந்த வருசம் தாங்கும். நம்ம பட்ஜெட்டுக்கு இதுக்கு மேல வராது. எடுத்துருங்," என்றான். தங்கை வீட்டு விசேஷம், கிளம்பிவிட்டான். பன்னிரண்டு வருஷம் ஆன வேகன் ஆர். கோபியில் ஒரு ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர் வைத்திருந்தாராம். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பிய்த்த இடம் மட்டும் கருப்பாக இருக்கிறது. உள்ளே நீலகிரித் தைலம் வாசனை. ஏன் விற்றார் என்று கேட்டால் பூபதி மேலே கையைக் காட்டினான். மேலே போய்விட்டாரா, மகனோடு மாடியில் இருக்கிறாரா என்று நான் நோண்டவில்லை. சில குறைகளைத் தேடக்கூடாது என்று இப்போதுதான், அதுவும் களைத்துப்போனதால், கற்றுக்கொண்டிருக்கிறேன்.

மெக்கானிக் பார்த்ததை மெக்கானிக் பார்க்கட்டும், நான் பார்த்தது ஒன்றே ஒன்று. தையல்காரன் டேப்பை எடுத்து முன் சீட்டின் உயரத்தை அளந்தேன். தரையிலிருந்து இருபத்திரண்டு அங்குலம். மகள் நித்திலாவின் வீல்சேரில் மெத்தையோடு சேர்த்து இருபத்தொன்றரை. பன்னிரண்டு வண்டியில் இது ஒன்றுதான் ஏறக்குறைய சமமாக வந்தது. மற்றதெல்லாம் பள்ளத்தில் இறக்குகிற மாதிரி, நான் குனிந்து, அவளை இடுப்போடு பிடித்து, திருப்பி, இறக்கி, மறுபடி அதே பள்ளத்திலிருந்து தூக்கி. பெண்ணுக்குப் பதினாலு வயது, நாற்பத்தொரு கிலோ. எனக்கு ஐம்பத்திரண்டு. முதுகு எலும்பில் இரண்டு தட்டு நகர்ந்திருக்கிறது. பத்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு பீரோவில் இருக்கிறது. மிச்சம் முப்பத்தொரு கிலோவை யார் தூக்குவார்கள் என்று அவரிடம் கேட்க நினைத்து, கேட்காமல் பீஸ் கட்டிவிட்டு வந்தேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஸ்கூட்டரில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு போவோம். அப்புறம் சின்னராசுவின் ஆட்டோ, ஆறு வருஷம், பாவம் நல்ல மனிதன், அவனே தூக்கி உட்கார வைப்பான். வைகாசியில் அவன் ஆட்டோவை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான். அவள் பெரியவளாகி இரண்டு வருஷமாகிறது, வேறு எந்த ஆளை நம்பித் தூக்கச் சொல்வது. இந்த வருஷம் ஒன்பதாவது. பள்ளிக்கூடம் திறந்து நாற்பது நாளில் பதினாறு நாள்தான் போயிருக்கிறாள். "அட்டெண்டன்ஸ் இப்படியே போச்சுன்னா வீட்டுல வெச்சே பாடம் சொல்லிக் குடுங்களேன்," என்று ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா அன்பாகத்தான் சொன்னார்கள். நித்திலா வீட்டுக்கு வந்து, வார்த்தை குழறிக் குழறி, "ப்பா, வீட்ல யாருகூடப் பேசறது?" என்றாள். அவள் பேசுவது வெளி ஆளுக்குப் புரிய ஒரு மாதம் ஆகும். பள்ளிக்கூடத்தில் நாலு பிள்ளைகளுக்குப் புரியும். அந்த நாலு பேருக்காகத்தான் இந்தக் கார். கதவு நன்றாக விரிகிறது, சீட்டை முழுசாகப் பின்னால் தள்ள முடிகிறது, ஆசாரியிடம் சொல்லி இழைத்துவைத்த பலகையை வீல்சேருக்கும் சீட்டுக்கும் நடுவில் போட்டால் அவளே பாதி நகர்ந்துவிடுவாள். நான் தூக்கவே வேண்டாம், தாங்கினால் போதும்.

மணி நாலு ஐம்பது. காருக்குள் வெயில் அடிக்கிறது, கண்ணாடியை இறக்கினேன், கைப்பிடி சுற்றுகிற கண்ணாடி, நல்லது, பவர் விண்டோ ரிப்பேர் ஆனால் செலவு. ஓட்டத் தெரியுமா என்றால் லைசென்ஸ் இருக்கிறது. டிரைவிங் ஸ்கூலில் என்னோடு படித்ததெல்லாம் காலேஜ் பிள்ளைகள், அங்கிள் அங்கிள் என்று உயிரை எடுத்துவிட்டார்கள். ரயில்வே பாலம் ஏறும்போது இரண்டு தடவை ஆஃப் ஆகி, பின்னால் நின்ற பஸ் டிரைவர் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினான். நித்திலா பக்கத்தில் இருக்கும்போது ஆஃப் ஆனால். பாலத்தின் நடுவில், மழையில். இறங்கித் தள்ளவும் முடியாது, அவளை இறக்கவும் முடியாது. வண்டி நல்ல வண்டிதான், ஆனால் கெட்ட நேரத்தில் அட்வான்ஸ் கொடுத்து, நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால், ஆளாளுக்குக் கேட்க மாட்டார்களா, எந்த நேரத்துல எடுத்தீங்க என்று. எனக்கு ராகுவிடம் ஒன்றும் பெரிய பக்தி கிடையாது. அது வந்து வண்டியைக் கவிழ்க்கும் என்று நான் நம்பவில்லை. கவிழ்ந்தால் அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பொறுத்திருக்கலாமே என்று நானே என்னைக் கேட்பேன் பார், அதற்குத்தான் பயம். பொறுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. ஒன்றரை மணி நேரம்தானே. ஒன்றரை மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்.

என்ன ஆகிவிடும். இங்கே வந்துதான் எப்போதும் சிக்கிக்கொள்வேன், எந்தப் பக்கம் போனாலும் அந்த வெள்ளிக்கிழமைக்கே வந்து சேர்கிறது. காலையில் பத்து நாற்பது. அந்த நர்சிங் ஹோம் இப்போது இல்லை, இடித்துவிட்டுச் செல்போன் கடை கட்டிவிட்டார்கள், நான் அந்தத் தெருப் பக்கமே போவதில்லை. மாமனாரும் மற்றவர்களும் டிபன் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும். டாக்டரம்மா லேபர் ரூமிலிருந்து வெளியே வந்து, "குழந்தையோட துடிப்பு கொஞ்சம் ஏறி இறங்குது, ஆபரேஷன் பண்ணி எடுத்தரலாம், கையெழுத்துப் போடுங்க," என்று காகிதத்தை நீட்டினார்கள். பேனாவை வாங்கினேன். அவர்கள் தோளுக்கு மேலே சுவரில் நாள்காட்டி, தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர், பச்சை எழுத்தில் வெள்ளி என்று போட்டு, கீழே ராகு பத்தரை பன்னிரண்டு. ஒருத்தரும் சொல்லவில்லை. என் அம்மா சொல்லவில்லை, மாமியார் சொல்லவில்லை, ஜோசியன் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்டேன். "பன்னெண்டுக்கு மேல வெச்சுக்கலாமுங்களா? வீட்டுல பெரியவங்க பாப்பாங்க." டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது. "இதுல நேரம் பாக்கறதா?" என்றார்கள். அப்புறம் களைத்துப்போய், தினம் பத்துப் பேரிடம் இதே பேச்சைக் கேட்பவர்கள்தானே, "அரை மணி நேரம் வாட்ச் பண்றேன், அதுக்கு மேல பொறுப்பு உங்களுது," என்றார்கள். அரை மணி கழித்து மறுபடி வந்தார்கள். இன்னொரு அரை மணி. பதினொன்றே முக்காலுக்கு நர்ஸ் ஓடி வந்தாள், அப்போது போட்டேன் கையெழுத்து. பன்னிரண்டு நாலுக்குப் பிறந்தாள். வெள்ளிக்கிழமை, பெண் குழந்தை, ராகு தாண்டி, மகாலட்சுமி என்றார்கள். அவள் அழவில்லை.

அதனால்தான் ஆனது என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. கோயமுத்தூர் டாக்டர், "பிரசவ சமயத்துல மூளைக்கு ஆக்ஸிஜன் குறைஞ்சிருக்கலாம்," என்றார். வேலூரில் இருந்து வந்த டாக்டர், "வயித்துக்குள்ளயே முன்னாடியே ஆகியிருக்கலாம், சொல்ல முடியாது," என்றார். இருக்கலாம் என்ற சொல்லைப் பதினாலு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன், துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அந்த டாக்டரம்மா இறந்துபோனதாகக் கேள்விப்பட்டபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. கலாமணி உள்ளே வலியில் கிடந்தாள், அவளுக்கு என்ன தெரியும். பாவம், அதற்கப்புறம் அவளுக்குச் சாமி, நேரம், காலம் எல்லாமே விட்டுப்போயிற்று. வீட்டில் நாள்காட்டி மாட்டவே மாட்டாள், கடைக்காரன் சும்மா கொடுத்தாலும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். துக்கத்தில் மனது வெறுத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். அவ்வளவு பட்ட பிறகும் நான் மட்டும் பார்ப்பதை விடவில்லை, அதுதான் கேவலம். இன்னும் அதிகமாகப் பார்க்கிறேன். பார்ப்பதை நிறுத்தினால், அன்றைக்குப் பார்த்ததும் தேவையில்லாதது என்று ஆகிவிடும். அப்படி ஆகிவிட்டால் நான் எங்கே போய் நிற்பது. பையில் பணம் வியர்வையில் நனைந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஐந்து பத்துக்குப் பவானிக்காரர்கள் வந்தார்கள். பைக்கில் ஒரு சின்ன வயசுத் தம்பதி, அவளுக்கு ஆறேழு மாதம் இருக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அவன் நேராக வந்து பானெட்டைத் தட்டினான். "இதுதானுங்களா?" நான் உள்ளே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "நீங்க ஓனருங்களா?" என்றான். இல்லை என்றேன். ஆமாம், நான் யார் இந்த வண்டிக்கு. இறங்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அந்தப் பெண் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள், குனியாமல் ஏற முடிந்ததில் அவளுக்குச் சந்தோஷம். "ஏனுங்க, சீட்டு நல்ல ஒசரமா இருக்குதுங்க," என்றாள் புருஷனிடம். அவளுக்கும் வேண்டியதுதான். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, வயிற்றுப் பிள்ளைக்காரிமேல். பூபதி என் பக்கத்தில் வந்து குரலை இறக்கினான். "அண்ணா, இவங்க கையில காசோட வந்திருக்காங்க, விலையும் பேசல. நீங்க மொதல்ல வந்தவரு, அதனால கேக்கறேன். இப்பக் குடுத்துட்டா உங்களுது. வீட்டுக்கு ஒரு போனைப் போட்டுக் கேளுங்களேன்." போட்டேன். எதற்குப் போட்டேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அவள் கொடுக்கச் சொன்னால் பாரம் அவளுடையது, வேண்டாம் என்றாலும் அவளுடையது, அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"வண்டி எப்படி இருக்குதுங்க?" என்றாள் எடுத்ததும். நல்லா இருக்குது, பாபுஜான் எடுக்கச் சொல்லிட்டான், சீட்டு சரியா இருபத்திரண்டு என்றேன். "அப்பறமென்ன, அட்வான்ஸ் குடுத்தாச்சுங்களா?" இல்லை என்றேன். ஏன் என்றாள். இன்னொரு பார்ட்டி வந்திருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எதையோ சுற்றி வளைத்தேன். "நீங்க மூணு மணிக்கே போனீங்களே. வெலை படியலைங்களா?" படிந்தது, நாலரைக்கே படிந்துவிட்டது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று அடித்தது, அடுப்பை அணைக்கிற சத்தம். அப்புறம் அவள், கோபமே இல்லாமல், ரொம்பக் களைத்த குரலில் கேட்டாள். "ஏனுங்க, இந்தத் தடவையும் காத்துட்டு நிக்கறீங்களா?"

ரோட்டில் பஸ் போனது, பவானிக்காரன் ஹாரனை அமுக்கிப் பார்த்தான், எல்லாம் தூரத்தில் கேட்டது. "கலா," என்றேன். "உனக்கு..." "அன்னைக்கு அந்தக் கதவு சாத்தியிருக்கலைங்க," என்றாள். "டாக்டரம்மா கேட்டதும் கேட்டுச்சு, நீங்க சொன்னதும் கேட்டுச்சு." பதினாலு வருஷம். ஒரே தட்டில் கை வைத்து அந்தப் பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறோம், ஒரே பாயில் படுத்திருக்கிறோம், எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறாள், ஒரு சண்டையில்கூட, வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிக்கொண்ட சண்டையில்கூட, இந்த ஒன்றை எடுத்து என்மேல் வீசவில்லை. எனக்கு அழுகை வந்தது. கன்சல்டிங் வாசலில் நின்று, பூபதி பார்க்கப் பார்க்க அழுதேன். "ஏன் புள்ள ஒரு வார்த்தை சொல்லல?" என்றேன்.

"சொல்லியிருந்தா நீங்க அன்னைக்கே இடிஞ்சு உக்காந்திருப்பீங்க," என்றாள் கலாமணி. "அப்பறம் எம்புள்ளைய ஆரு தூக்கறது? நா ஒருத்தியாத் தூக்க முடியுமா? போங்க, போய்ப் பணத்தக் குடுங்க."

பூபதி மேசைக்குப் போனேன். மணி ஐந்து இருபத்திரண்டு. பணத்தை வைத்தேன், ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னான், போட்டேன்.